திருமலைக் கடற்கரையில் வானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கனடாவில் இருக்கும் தம்பி ஓர் ஆறு அங்குலத் தொலைகாட்டியை அனுப்பியதிலிருந்து, வானம் தெளிந்திருக்கும் சனிக்கிழமை இரவுகளில் அதை டச்பே கடற்கரையில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். என் மாணவர்கள், கோணேசர் கோயிலுக்கு வந்து திரும்பும் குடும்பங்கள், வலை வேலை முடித்த ஐயாமார், கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளைகள் என்று பலர் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன்.

ரீச்சர், எது வெள்ளி, எது கிரகம் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

எங்கள் பேச்சில் வானத்தில் மினுங்குவது எல்லாமே வெள்ளிதான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சூரியனைப் போலத் தானே ஒளி தருவது நட்சத்திரம். சூரியனின் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புவது கிரகம். பார்வைக்கு, நட்சத்திரம் மினுங்கும், கிரகம் அசையாமல் நிற்கும். நட்சத்திரம் மிகத் தொலைவில் ஒற்றைப் புள்ளியாக இருப்பதால் காற்றின் சிறு அசைவும் அதன் ஒளியைக் குலைத்துவிடும். கிரகமோ உண்மையில் ஒரு சின்ன வட்டம். அதன் ஒரு பக்கத்து ஒளி குலையும்போது மறுபக்கத்து ஒளி வந்து ஈடுகட்டிவிடும்.

கடல் விளிம்பை ஒட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே பார்வை மிகத் தடித்த காற்றுக்குள்ளால் போவதால் கிரகங்களும் சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும். கொஞ்சம் மேலே ஏறும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.

எங்கட ஊரில இருந்து எத்தனை வெள்ளி தெரியும்? வெளிநாட்டில இதைவிடக் கூடத் தெரியுமோ?

நிலா இல்லாத, நல்ல இருட்டான இரவில் வெறும் கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரை தெரியும். டச்பேயில் கடை வெளிச்சம் இருப்பதால் சில நூறுதான். நிலாவெளியைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போனால் வித்தியாசம் உடனே விளங்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு எப்போதும் சந்தோசம். திருமலை, மத்தியகோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. லண்டனில் இருக்கும் உறவினருக்குத் தெற்கே நிற்கும் திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் ஒருபோதும் தெரியாது. சிட்னியில் இருப்பவருக்குத் துருவ வெள்ளி தெரியாது. எங்களுக்கு இரண்டும் தெரியும். வருடம் முழுக்கப் பார்த்தால், முழு வானத்தில் எங்களுக்கு மறைந்திருப்பது நூறில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனுக்கு அடுத்தபடி எங்களுக்கு மிகக் கிட்ட உள்ள அல்பா சென்ரோரி, 4.3 ஒளியாண்டு தூரத்தில் இருப்பது (ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்), மே, ஜூன் இரவுகளில் தெற்கே வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஐரோப்பாவில் இருந்து அதைப் பார்க்கவே முடியாது.

பிள்ளை, துருவ வெள்ளி ஏன் இவ்வளவு பதிவா நிக்குது? அதுதானே ஆகப் பெரிய வெள்ளி?

அடிவானத்திலிருந்து துருவ வெள்ளி எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் நாங்கள் நிற்கும் இடத்தின் அகலாங்கு. எங்களுக்கு எட்டரைப் பாகை. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. ஆக, கடலுக்கு மேலே ஒரு முட்டி உயரம்கூட இல்லை. யாழ்ப்பாணம் போனால் ஒரு பாகை ஏறியிருக்கும். இந்து சமுத்திரத்து மாலுமிகள் இதை விரற்கணக்கில் அளந்துதான் தாங்கள் எவ்வளவு தெற்கே வந்துவிட்டோம் என்று அறிந்தார்கள்.

பிரகாசத்தில் அது முதலாவது இல்லை. ஐம்பதாம் இடத்துக்குக் கிட்டத்தான் வரும். அது இடம் மாறாமல் நிற்பதால் பெயர் பெற்றது.

போயாவுக்கு லீவுதானே, அண்டைக்கு வந்தா நிலா வடிவாத் தெரியுமோ?

போயா அன்று வருவதைவிட, அதற்கு ஒரு கிழமை முன் வாருங்கள். முழுநிலாவில் சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது. தொலைகாட்டியில் பார்த்தால் வெள்ளைத் தட்டு மாதிரித்தான் இருக்கும். எட்டாம் பிறை அளவில் ஒளி பக்கவாட்டில் விழும். அப்போது பள்ளங்களின் விளிம்பும் மலைகளும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். முதன்முதல் பார்த்த ஒரு சின்னப் பிள்ளை கையை நீட்டித் தொடப் போனதை நான் மறக்கவில்லை.

கடலுக்கு மேல வரேக்க மட்டும் நிலா ஏன் அவ்வளவு பெரிசு?

பெரிதாவது நிலா இல்லை, எங்கள் மனம் அப்படிக் காண்கிறது. கடலிலிருந்து எழும்பும்போது நீட்டிய கையின் சின்ன விரல் நகத்தால் அதை மறைத்துப் பாருங்கள். நடுச்சாமத்தில் உச்சிக்கு வந்த பிறகும் அதே நகத்தால் மறையுங்கள். இரண்டு தடவையும் முழுதாக மறையும்.

படத்தில பிறை நிமிர்ந்து நிக்குது. இங்க ஏன் தோணி மாதிரிக் கிடக்குது?

நோன்புக்குப் பிறை பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதைச் சரியாகக் கவனித்துக் கேட்கிறார்கள். பிறையின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். எங்கள் ஊரில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகக் கீழே இறங்கி மறைகிறது. எனவே நிலாவுக்கு நேர் கீழே சூரியன், நிலாவின் அடிப்பக்கத்தில் ஒளி. வடக்கு நாடுகளில் சூரியன் சாய்ந்து இறங்குவதால் பிறையும் சாய்ந்து நிற்கும். பாடப்புத்தகப் படங்கள் அங்கே வரையப்பட்டவை.

2019இல தெரிஞ்ச கிரகணத்தில சூரியன் முழுக்க மறையாம மோதிரம் மாதிரி நிண்டது ஏன்?

2019 டிசம்பர் 26 காலை, ஒன்பதரை மணி கடந்த நேரம். கங்கண கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்துக்கும் திருமலைக்கும் மேலால் போனது. சூரியன் நிலாவைவிட 400 மடங்கு பெரியது. எங்களிடமிருந்து அது ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லாததால் சில நேரம் அது கொஞ்சம் விலகி நிற்கும். அப்போது அது சூரியனை முழுதாக மூடாது, விளிம்பு மிஞ்சும்.

நிலா வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் எங்களைவிட்டு விலகிக்கொண்டும் போகிறது. அப்பலோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்ப வைத்து இதை அளக்கிறார்கள். பல கோடி வருடங்களுக்குப் பிறகு பூமியில் முழுச் சூரிய கிரகணமே இருக்காது, கங்கணம் மட்டும்தான்.

சுனாமி வந்ததும் அதே டிசம்பர் 26. கிரகணத்துக்கும் சுனாமிக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?

இந்தக் கேள்வியை அன்று சொந்தங்களை இழந்தவர்களும் கேட்கிறார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தொடர்பு இல்லை. 2004இல் சுமாத்திராவுக்கு அருகே கடலுக்கு அடியில் புவித்தட்டுகள் நழுவி, 9.1 அளவு நிலநடுக்கம் வந்தது. கடலின் அடித்தளமே தூக்கப்பட்டதால் தண்ணீர் எழும்பியது.

2004இல் அது போயா நாள். 2019இன் கிரகணம் அமாவாசையில் வந்தது, ஏனென்றால் சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டும்தான் வரும். நிலா நேரெதிர்ப் பக்கங்களில் நின்ற இரண்டு நாட்கள் அவை. நிலாவின் ஈர்ப்பு எங்கள் கடலில் செய்வதை நீங்கள் தினமும் காண்கிறீர்கள்: ஒரு மீற்றருக்கும் குறைவாகத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. நினைவு நாளுக்கும் கிரகணத்துக்கும் ஒரே திகதி அமைந்தது தற்செயல். கிரகணத்தைக் கண்டு பயந்து கரையை விட்டு ஓடத் தேவையில்லை. நிலம் அதிர்ந்து, கடல் உள்வாங்கினால் ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடுங்கள்.

கச்சான் அடிக்கேக்க இவ்வளவு வெக்கை. சூரியன் அப்ப கிட்ட வருதோ?

உண்மை மறுபக்கம். பூமி சூரியனுக்கு மிகக் கிட்டப் போவது ஜனவரி தொடக்கத்தில், வாடைக்காற்றும் மழையும் இருக்கும் காலத்தில். அப்போது தூரம் 14.7 கோடி கிலோமீற்றர். ஜூலை தொடக்கத்தில், கச்சான் அடிக்கும்போது, 15.2 கோடி. தென்மேல் காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி எங்களிடம் இறங்குகிறது. வெக்கைக்குக் காரணம் அதுதான்.

சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரல் 12 அளவில் ஒன்று, ஓகஸ்ட் கடைசியில் மற்றது. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன், பகல் 12 மணி கடந்து ஐந்தாறு நிமிடத்தில், முற்றத்தில் ஒரு போத்தலை நிமிர்த்தி வையுங்கள். நிழல் போத்தலுக்கு அடியிலேயே ஒளிந்துவிடும்.

விடிவெள்ளி அவ்வளவு வடிவா இருக்கு. அங்க ஆக்கள் இருக்கலாமோ?

கடலிலிருந்து அது எழும்புவதைப் பார்த்தவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. விடிவெள்ளி நட்சத்திரம் இல்லை, வெள்ளி என்ற கிரகம். அங்கே தரையில் வெப்பம் 460 பாகை செல்சியசுக்கு மேல், ஈயம் உருகும். சூரியனுக்கு மிகக் கிட்ட உள்ள புதனைவிடச் சூடு அதிகம், ஏனென்றால் தடித்த காபனீரொட்சைட்டு வளி போர்வை மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மேகங்கள் சல்பூரிக்கமிலம். காற்றின் அழுத்தம் எங்களுடையதைப் போல 90 மடங்குக்கும் மேல். திருமலைத் துறைமுகத்துக்கு வெளியே திமிங்கிலங்கள் வரும் ஆழக்கடல் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அதில் 900 மீற்றர் கீழே இறங்கினால் அதே அழுத்தம் இருக்கும். 1982இல் அங்கே இறங்கிய சோவியத்தின் வெனேரா 13 இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்ததே பெரிய சாதனை.

நாளும் வருடமும்கூட அங்கே தலைகீழ். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். சுற்றுவதும் எதிர்த்திசையில். அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும்.

2025இல சனியைக் காட்டினீங்கள், வளையத்தையே காணேல்லை. உடைஞ்சு போச்சோ?

வளையம் பத்திரமாக இருக்கிறது. அதன் அகலம் 2,70,000 கிலோமீற்றர் அளவில், தடிப்போ பல இடங்களில் சில பத்து மீற்றர்தான். ஒரு கடதாசியை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பது மாதிரி 2025 மார்ச்சில் அது எங்களுக்கு நேரே வந்தது. அந்த வருடம் முழுக்க ஒரு கோடாகத்தான் தெரிந்தது. இப்படி ஏறத்தாழப் 15 வருடத்துக்கு ஒருமுறை வரும். சனி சூரியனைச் சுற்ற 29 வருடமும் ஆறு மாதமும் எடுப்பதால் அதில் பாதி. ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம், மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்ற கணக்கு இந்த ஓட்டத்திலிருந்து வந்ததுதான்.

எரிவெள்ளி விழுந்தா பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்லுவினம். அது வெள்ளி விழுறதுதானோ?

என் அம்மம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. விழுவது பெரும்பாலும் ஒரு மணல் பருக்கை, மிஞ்சினால் ஒரு சிறு கல். வால்வெள்ளிகள் உதிர்த்த தூசு, செக்கனுக்குப் பல பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் காற்றுக்குள் புகுந்து எரிகிறது. ஓகஸ்ட் 12, 13 இரவுகளில் விடியப்புறமாகப் பாருங்கள். டிசம்பர் 14இல் அதைவிட நல்ல பொழிவு உண்டு, ஆனால் எங்களுக்கு அது மாரி மேகக் காலம்.

சத்தமில்லாம ஒரு வெள்ளி ஓடிப் போச்சு. பிளேனோ?

விட்டுவிட்டு மின்னினால் விமானம். ஒரே சீராக ஒளிர்ந்து, நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் செய்மதி. மிகவும் பிரகாசமாக இருந்தால் அது சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். முத்துமாலை மாதிரி வரிசையாகப் போனால் அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் இணையச் செய்மதிகள்.

விண்வெளி மிகக் கிட்ட இருக்கிறது. 100 கிலோமீற்றர் உயரத்தில் தொடங்குவதாகக் கணக்கு. மேலே நேராக ஒரு ரோட்டு இருந்தால், அனுராதபுரம் போகும் தூரத்தில் விண்வெளிக்குப் போய்விடலாம்.

அங்க ஈர்ப்பு இல்லாததாலதானே ஆக்கள் மிதக்கினம்?

பெரியவர்களும் பிழையாக நம்புவது இது. நிலையம் சுற்றும் 400 கிலோமீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு இங்கே உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அவர்கள் மிதப்பதற்குக் காரணம், ஓயாமல் விழுந்துகொண்டிருப்பது.

கோணேசர் மலையின் செங்குத்துப் பாறையான இராவணன் வெட்டில் நின்று கடலை நோக்கி ஒரு கல்லை எறிவதாக நினையுங்கள். மெதுவாக எறிந்தால் கிட்ட விழும், வேகமாக எறிந்தால் தூரப் போய் விழும். காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டு, செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால் என்ன ஆகும்? கல் விழும் அளவுக்கே பூமியும் உருண்டையாக வளைந்து கீழே போகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், தரை மட்டும் கிடைக்காது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுவதால் ஒருவரும் தரையில் அழுந்துவதில்லை.

அப்ப ரீவி டிஷ்சுக்கு வாற செய்மதி ஏன் ஓடாம ஒரே இடத்தில நிக்குது?

அதுவும் மேலே சொன்ன கல் மாதிரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உயரம் கூடக்கூடச் சுற்ற எடுக்கும் நேரமும் கூடும். 35,786 கிலோமீற்றர் உயரத்தில், மத்தியகோட்டுக்கு மேலே, ஒரு சுற்றுக்கு பூமி சுழலும் அதே நேரம் எடுக்கும். இரண்டும் சேர்ந்து சுற்றுவதால் எங்களுக்கு அது நிற்பதாகத் தெரிகிறது. நாங்கள் மத்தியகோட்டுக்குக் கிட்ட இருப்பதால்தான் எங்கள் டிஷ்கள் அண்ணாந்து கிடக்கின்றன. ஐரோப்பாவில் அவை சுவரைப் பார்ப்பது போலச் சாய்ந்து நிற்கும்.

தொடர்பாடலுக்கு இந்த உயரத்தைப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதியவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். பிறகு இலங்கையில் குடியேறி, 1956இல் கோணேசர் மலைக்குக் கீழே கடலில் சுழியோடிப் பழைய கோயிலின் எச்சங்களைக் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

கலியாணத்தில அருந்ததி காட்டுறது பகலில. உண்மையா அப்பிடி ஒண்டு இருக்கோ?

இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்னிரவில் வடக்கே, துருவ வெள்ளிக்கு மேலே ஏழு முனிவர் தெரிவார்கள். வாலின் நடுவில் இருப்பவர் வசிட்டர். உற்றுப் பார்த்தால் பக்கத்தில் மெல்லிய புள்ளியாக அருந்ததி. தொலைகாட்டியில் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். கருவிகளால் இன்னும் ஆராய்ந்தால் வசிட்டர் நான்கு நட்சத்திரம், அருந்ததி இரண்டு. 80 ஒளியாண்டு தூரத்தில் ஆறு நட்சத்திரங்கள் கொண்ட ஒரு குடும்பம். புதுமணத் தம்பதிகள் ஒரு இரவு கடற்கரைக்கு வந்து நேரிலேயே பார்க்கலாம்.

திருவாதிரை வெடிக்கப் போகுது எண்டு சொன்னாங்களே?

2019 கடைசியிலிருந்து 2020 பெப்ரவரி வரை அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கியது. மார்கழித் திருவாதிரைக்குக் கோயிலுக்குப் போனவர்களே கவனித்து என்னிடம் சொன்னார்கள். நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையும் அதற்குள் அடங்கிவிடும். ஒருநாள் அது வெடிக்கும். ஆனால் அந்த நாள் ஒரு இலட்சம் வருடம் வரை தள்ளிப் போகலாம். வெடித்தால் பகலிலும் தெரியும், பூமிக்கு ஆபத்து இல்லை.

அதன் சிவப்பையும் கவனியுங்கள். சிவப்பு என்றால் சூடு அதிகம் என்று நினைக்கிறோம். கேஸ் அடுப்பின் நீலச் சுவாலை மாதிரி, நட்சத்திரங்களிலும் நீலம்தான் சூடு கூடியது.

நாங்கள் பார்க்கிற வெள்ளியள் எல்லாம் எப்பவோ செத்துப் போனவையாமே?

பாதி உண்மை. பழைய ஒளியைத்தான் பார்க்கிறோம். ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை, அவற்றின் ஆயுளோ பல இலட்சம், பல கோடி வருடங்கள். ஆக அநேகமாக எல்லாமே இன்றும் இருக்கின்றன. மேலே சொன்ன திருவாதிரைகூடத்தான்.

சூரியன் கருந்துளையா மாறினா எங்களை விழுங்கிப் போடுமோ?

முதலில், சூரியன் கருந்துளையாகாது. இன்னும் 500 கோடி வருடம் கழித்து வீங்கி, பிறகு சுருங்கி, வெண்குறு மீன் எனப்படும், பூமி அளவான சிறு நட்சத்திரமாக முடியும். அப்படி முடிய ஒரு எடை எல்லை உண்டு, சூரியனைப் போல 1.4 மடங்கு. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது பத்தொன்பது வயதுச் சுப்பிரமணியன் சந்திரசேகர் இதைக் கணக்கிடத் தொடங்கினார். பெரியவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, சூரியனை யாரோ அதே எடையோடு ஆறு கிலோமீற்றர் உருண்டையாக அமுக்கிக் கருந்துளையாக்கினாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும், குளிரும் இருட்டும் மட்டும் வரும். கருந்துளை தூரத்தில் உள்ளதை உறிஞ்சாது. எங்கள் பால்வீதியின் நடுவிலேயே நாற்பது இலட்சம் சூரிய எடையில் ஒன்று இருக்கிறது. 2022இல் அதன் படம் வந்தது. கச்சான் மாத இரவுகளில் தெற்கே, தேளின் வாலுக்கும் தனுசுக்கும் இடைப்பட்ட திசையில் இருக்கிறது.

தங்கம் நட்சத்திரத்தில இருந்து வந்தது எண்டு படிச்சன். மெய்யோ?

மெய். 2017 ஓகஸ்ட் 17இல், இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் (வெடித்த பெருநட்சத்திரங்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதியதன் அதிர்வு பூமியில் பதிவானது. அது நடந்தது 13 கோடி ஒளியாண்டு தூரத்தில். அந்த மோதலிலிருந்து வந்த ஒளியை ஆராய்ந்தபோது, தங்கம் போன்ற பாரமான மூலகங்கள் இப்படியான மோதல்களில் உருவாவதற்குத் தடயம் கிடைத்தது.

ஆனால் தங்கம் வரை போகத் தேவையில்லை. எங்கள் மாவட்டத்திலேயே புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறது. அதிலுள்ள இல்மனைற்றிலும் உரூத்தைலிலும் இருப்பது தைத்தேனியம், வெள்ளைப் பெயின்ற் செய்யப் பயன்படுவது. தைத்தேனியம் பெருநட்சத்திரங்கள் வெடிக்கும்போது உருவாவது. 11,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் எச்சத்தில் அது பரவிக் கிடப்பதை 2014இல் வெளிவந்த எக்ஸ்கதிர்ப் படத்தில் கண்டார்கள். அதே மணலில் சேர்க்கன் என்ற கனிமத்தின் மணிகளும் உண்டு. பூமியிலேயே உருவானவற்றில் இதுவரை கிடைத்ததிலேயே பழைய பொருள், அவுஸ்திரேலியாவில் எடுத்த ஒரு சேர்க்கன் மணிதான். அதற்கு வயது 440 கோடி.